பாதையும் பாதையோரமும்: மெக்சிக்கச் சினிமாவில் ஒரு பிரயாணக் கதை

பிரயாணத்தைப் பொருளாகக் கொண்ட கதைகள் உலக இலக்கியங்கள் அனைத்திலும் காணப்படுவன. வீட்டைவிட்டுப் புறப்படும் இளைஞன் வழியிலே பலரைச் சந்திக்கின்றான். இடர்கள் சிலவற்றைக் கடக்கின்றான். புறப்பட்டபோது இருந்தவனாக அல்லாது வேறொருவனாகத் திரும்புகின்றான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலே தோன்றிய வளர்ச்சி நாவல், இவ்வமைப்பினைத் தனிமனிதனது உள முதிர்ச்சியை விளக்குவதற்கு விரிவாகப் பயன்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டிலே, மோட்டார் காரும் நெடுஞ்சாலையும் அன்றாட வாழ்வின் கூறுகளாகிய பின்னர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சினிமா அதனைத் தனக்குரிய வடிவங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. 1969 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஈசி ரைடர்' இதற்குத் தக்க உதாரணமாகும். இவ்வகைப் படங்களிலே பாதை பெரும்பாலும் சுதந்திரத்தின் குறியீடாகவே அமைகின்றது. பாதையின் இருமருங்கிலும் வாழும் மக்களோ, கடந்து செல்பவனின் மனநிலைக்கு ஏற்ற பின்னணியாக மட்டும் நின்றுவிடுகின்றனர்.

இப்பின்னணி மனிதரே கதையின் மெய்ப்பொருள் என்று ஒரு நெறியாளர் கருதுவாராயின், அவர் கையிலே இவ்வடிவம் எவ்வாறு மாற்றமுறும்? இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றாக, மெக்சிக்க நெறியாளரான அல்ஃபொன்சோ குவாரோன் 2001 ஆம் ஆண்டில் ஆக்கிய 'ஈ து மாமா தம்பியேன்' (உன் தாயுங்கூட) என்னும் திரைப்படத்தைக் கொள்ளலாம். இப்படம் வெளிவந்த காலத்தில் அதன் பாலியற் காட்சிகளே பெரிதும் பேசப்பட்டன. மெக்சிக்கோவிலே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு மட்டும் உரியதென அது வகைப்படுத்தப்பட்டமை, தணிக்கை பற்றிய விவாதமொன்றையும் தோற்றுவித்தது. இப்பரபரப்பினால் படத்தின் சமூக உள்ளடக்கம் பலரது கவனத்துக்கு எட்டாது போயிற்று எனலாம். இளைஞர் இருவர் முதிர்ச்சியடையும் கதையைக் கூறுவதுபோலத் தொடங்கும் இப்படம், உண்மையில் அவர்கள் எதனைக் கற்காமற் போகின்றனர் என்பதனையே எடுத்துக்காட்டுகின்றது என்பதும், அவர்கள் கல்லாத பாடம் பார்வையாளருக்கு உரியதாக ஆக்கப்படுகின்றது என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கதையும் களமும்

படத்தின் கதை எளிமையானது. மெக்சிக்கோ நகரில் வாழும் ஹூலியோ, தெனோச் என்னும் இருவரும் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை அப்பொழுதுதான் முடித்த நண்பர்கள். தெனோச்சின் தந்தை ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே பொருளியல் கற்று அரசாங்கத்திலே உயர்பதவி வகிப்பவர். ஹூலியோவின் தாய் ஓர் அலுவலகச் செயலாளர். அவனது தமக்கை இடதுசாரி மாணவர் இயக்கத்திலே ஈடுபாடு கொண்டவள். நாட்டின் சனாதிபதியும் கலந்துகொள்ளும் ஆடம்பரமான திருமண விழாவொன்றிலே, தெனோச்சின் ஒன்றுவிட்ட சகோதரனின் மனைவியான லூயிசா என்னும் ஸ்பானியப் பெண்ணை இருவரும் சந்திக்கின்றனர். அவளைக் கவரும் நோக்குடன், 'சொர்க்கத்தின் வாய்' எனப் பொருள்படும் பெயருடைய கடற்கரையொன்றுக்குத் தாங்கள் செல்லவிருப்பதாகக் கூறுகின்றனர். அத்தகைய கடற்கரை எதனையும் அவர்கள் அறியார். அப்பெயர் அவர்களது கற்பனை. சில நாட்களின் பின்னர், கணவனின் துரோகத்தை அவனது வாயாலேயே தொலைபேசியிற் கேட்ட லூயிசா, தானும் அவர்களுடன் வருவதாகக் கூறுகின்றாள். தமக்கையின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு மூவரும் தெற்கே ஓஹாக்கா மாநிலத்தின் பசுபிக் கரையை நோக்கிப் புறப்படுகின்றனர்.

இப்பிரயாணம் நிகழும் காலம் 1999. அதனைக் கருத்திற் கொள்ளாது இப்படத்தை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. நிறுவனமயப்பட்ட புரட்சிக் கட்சி எனப் பிற்காலத்திற் பெயர் பூண்ட கட்சி, 1929 ஆம் ஆண்டு தொடக்கம் மெக்சிக்கோவை இடையறாது ஆண்டு வந்தது. நிலமற்ற விவசாயிகளின் பெயரால் நிகழ்ந்த 1910 ஆம் ஆண்டுப் புரட்சியின் வாரிசெனத் தன்னைக் கூறிக்கொண்ட இக்கட்சி, 1968 ஒக்டோபர் 2 ஆம் திகதி த்லாத்தெலொல்கோ சதுக்கத்திலே மாணவரைச் சுட்டு வீழ்த்திய அரசாங்கத்தின் கட்சியுமாகும். 1992 இல் அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை திருத்தப்பட்டது. அதன் விளைவாக நிலப் பங்கீடு முடிவுக்கு வந்ததுடன், 'எஹிதோ' எனப்படும் கிராமக் கூட்டு நிலங்கள் தனியார் கைக்கு மாறுவதற்கும் வழி திறந்தது. 1994 சனவரி 1 ஆம் திகதி வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளிலே சியாப்பாஸ் மாநிலத்துப் பழங்குடி விவசாயிகள் சபாட்டாவின் பெயரால் ஆயுதமேந்தி எழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நாணயம் வீழ்ச்சியுற்றது. 1999 ஏப்ரலிலே தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், கட்டணம் விதிக்கும் முயற்சியை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். 2000 யூலையிலே ஆளுங்கட்சி சனாதிபதித் தேர்தலில் தோல்வியுற்றது. படத்தின் இறுதிக் காட்சி இத்தோல்வியின் பின்னரே நிகழ்கின்றது. ஆகவே, இளைஞர் இருவரின் பருவமாற்றமும் ஒரு நாட்டின் ஆட்சி மாற்றமும் ஒரே காலத்தில் நிகழ்வனவாக அமைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

பஸ்ஸும் காரும்

மெக்சிக்கச் சினிமாவுக்குப் பிரயாணக் கதை புதியதன்று. ஸ்பெயினிலிருந்து நாடு நீங்கி மெக்சிக்கோவிற் குடியேறிய லூயிஸ் புனுவெல், 1952 இல் 'சுபிதா அல் சியேலோ' (சொர்க்கத்துக்கு ஏற்றம்) என்னும் படத்தை ஆக்கினார். குவேரேரோ மாநிலத்துக் கடலோரக் கிராமமொன்றிலே வாழும் ஒலிவேரியோ என்னும் இளைஞன், தனது திருமண நாளிலேயே மரணப்படுக்கையிலுள்ள தாயின் பொருட்டு நகரத்துக்குச் செல்ல நேர்கின்றது. சொத்தைக் கைப்பற்ற முனையும் அண்ணன்மாரின் சூழ்ச்சியை முறியடிக்க, தாயின் விருப்பத்தை ஆவணப்படுத்த வேண்டிய பொறுப்பு அவனுடையது. அவன் ஏறிச் செல்லும் பழைய பஸ் வண்டி வழியிலே பல தடைகளைச் சந்திக்கின்றது. பயணி ஒருத்திக்கு அதற்குள்ளேயே குழந்தை பிறக்கின்றது. ஆற்றிலே புதைந்த பஸ்ஸை உழவு இயந்திரத்தால் மீட்க முடியாதபோது, சிறுமியொருத்தி எருதுகளைக் கொண்டு இழுத்துவிடுகின்றாள். வாக்குக் கேட்கும் அரசியல்வாதி ஒருவனும் அப்பயணிகளுள் அடங்குவான். சாரதி தன் தாயின் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்காகப் பயணத்தை நிறுத்தும்பொழுது எல்லாருமே விருந்தினராகிவிடுகின்றனர். திரும்பும் வழியிலே அதே பஸ் குழந்தையொன்றின் சவப்பெட்டியையும் சுமந்து வருகின்றது.

புனுவெலின் பஸ் ஒரு சிற்றூருக்கு ஒப்பானது. பிறப்பும் இறப்பும் விருந்தும் வழக்கும் அதனுள்ளேயே நிகழ்கின்றன. பாதையோர மக்கள் வண்டிக்கு வெளியே நிற்பவரல்லர். வண்டியை நிறைத்திருப்போர் அவர்களே. ஒலிவேரியோ அவர்களிடமிருந்து பிரிந்து நின்று முதிர்ச்சியடையவில்லை. அவர்களுடன் கூடி இருந்தமையாலேயே அது அவனுக்குக் கைகூடுகின்றது.

அரை நூற்றாண்டின் பின்னர் குவாரோன் தமது பாத்திரங்களை ஏற்றிய வாகனம் தனியாருக்குரிய கார். அதன் கண்ணாடிகளை ஏற்றலாம், இறக்கலாம். இசையை உரக்க ஒலிக்கச் செய்யலாம். விரும்பிய இடத்திலே நிறுத்தலாம், விரும்பாத இடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். உள்ளே மூவர், வெளியே நாடு. இராணுவத்தினர் விவசாயிகளை நிறுத்திச் சோதனை செய்வதும், வெள்ளாடை அணிந்த சிறுமியைத் தமது அரசியெனக் கூறிக் கிராமத்தவர் கயிறு கட்டிப் பாதையை மறித்துக் காணிக்கை கேட்பதும், இறந்தோர்க்காக நடப்பட்ட சிலுவைகளும் காரின் கண்ணாடியூடாகத் தோன்றி மறைகின்றன. இவற்றுள் எதுவும் காருக்குள் நடைபெறும் உரையாடலை நிறுத்துவதில்லை. பெரும்பாலும் அவ்வுரையாடல் அவர்களது காதல் வெற்றிகள் பற்றியது. அவ்வெற்றிகளுட் பலவும் மிகைப்படுத்தப்பட்டவை. சமூக உறவுகளில் ஏற்பட்ட மாற்றம் ஒரு கலைவடிவத்தின் அமைப்பினையே எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் பயன்தரும்.

இவ்வரிசையிலே பின்னர் வந்த ஒரு படத்தையும் குறிப்பிடலாம். அலொன்சோ ருயிஸ்பலாசியோஸ் 2014 இல் ஆக்கிய 'குவேரோஸ்' அதே 1999 ஆம் ஆண்டு மாணவர் வேலைநிறுத்தக் காலத்தைக் களமாகக் கொண்டது. வேலைநிறுத்தத்திலும் பங்குகொள்ளாது, படிப்பையும் தொடராது வீட்டிலே முடங்கிக் கிடக்கும் மாணவன் ஒருவனும் அவனுடைய தம்பியும், மறக்கப்பட்ட பாடகர் ஒருவரைத் தேடிக் காரிலே செல்கின்றனர். ஆயின், அவர்களது பிரயாணம் முழுவதும் மெக்சிக்கோ நகரத்துக்கு உள்ளேயும் அதன் புறத்திலுமே சுற்றி வருகின்றது. குவாரோனின் இளைஞர்களுக்கு நகரத்தைவிட்டுச் செல்வதற்கு ஒரு கடற்கரையேனும் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

கமராவும் கதைசொல்லியும்

காருக்குள் இருப்போர் காணாதவற்றைப் பார்வையாளர் காணுமாறு செய்வதற்குக் குவாரோன் இரண்டு உத்திகளைக் கையாளுகின்றார். முதலாவது, கமராவின் இயக்கம் பற்றியது. ஒளிப்பதிவாளரான எம்மானுவேல் லுபெஸ்கி, பெரும்பாலும் கையிலேந்திய கமராவைக் கொண்டு, வெட்டின்றி நீளும் காட்சிகளாகப் படத்தை அமைத்துள்ளார். முகங்களை அண்மைக் காட்சியாகக் காட்டுவதை இருவரும் பெரிதும் தவிர்த்துள்ளனர். எனவே, மனிதரும் அவர்தம் சூழலும் ஒரே சட்டத்துள் சமமான தெளிவுடன் புலனாகின்றனர். அத்துடன் அமையாது, கமரா சில வேளைகளிலே கதாநாயகர்களைக் கைவிட்டுத் தன்வழியே செல்கின்றது. திருமண விழாவிலே, உணவுத் தட்டுடன் செல்லும் பணியாளைத் தொடர்ந்து அது வெளியே சென்று, அங்கே காத்திருக்கும் சாரதிகளையும் மெய்க்காவலரையும் காட்டுகின்றது. பாதையோர உணவுச்சாலையிலே நண்பர்கள் பேசிக்கொண்டிருக்க, கமரா மெல்ல விலகிப் பின்புறத்துச் சமையலறைக்குள் நுழைந்து, அங்கே தொழில் செய்யும் பெண்களை நோக்குகின்றது. கதைக்கு இக்காட்சிகள் வேண்டியனவல்ல. ஆயின், கதையிலே வருவோரின் உணவு யாருடைய உழைப்பிலிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு விடை அங்கேயே உள்ளது.

இரண்டாவது உத்தி, கதைசொல்லியின் குரல். நடிகர் தனியேல் ஹிமெனெஸ் காச்சோவின் உணர்ச்சி கலவாத குரல் இடையிடையே ஒலிக்கின்றது. அது தொடங்குவதற்கு முன் படத்தின் ஒலிகள் யாவும் சட்டென நின்றுவிடுகின்றன. பேசிக்கொண்டிருப்போரின் வாய்கள் அசைய, ஒருகணம் முழு அமைதி நிலவுகின்றது. பிரெஞ்சு நெறியாளர் கொடார்ட் அறுபதுகளிலே செய்த பரிசோதனைகளை இது நினைவூட்டுவது. பார்வையாளர் கதையோடு ஒன்றிக் கரைந்துவிடாது விலகி நின்று சிந்திக்க வேண்டுமென்ற பிரெக்டின் தூரப்படுத்தற் கோட்பாட்டுக்கும் இது அணித்தானது.

இக்குரல் கூறும் செய்திகள் எத்தகையன? நகரத்திலே வாகன நெரிசல் ஒன்றில் அகப்பட்ட நண்பர்கள், அதற்கு ஆர்ப்பாட்ட ஊர்வலமே காரணமென எண்ணுகின்றனர். உண்மைக் காரணத்தைக் கதைசொல்லி கூறுகின்றார். மிச்சோவகான் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மர்சலீனோ எஸ்குத்தியா என்னும் கட்டடத் தொழிலாளி, வேகமாக வந்த பஸ்ஸொன்றினால் மோதுண்டு இறந்துவிட்டான். பாதசாரிகளுக்கான மேம்பாலத்தை அவன் பயன்படுத்தவில்லை. அதன்வழியே சென்றால் வேலைத்தலத்துக்கு மேலும் இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டியிருந்தது. அவனது உடலை உரிமை கோரி எவரும் வருவதற்கு நான்கு நாட்கள் சென்றன. ஒரு தொழிலாளியின் மரணத்திலே நகரத் திட்டமிடலுக்கும், கிராமத்து வறுமைக்கும், கூலி உழைப்புக்குமுள்ள பங்கினைச் சில வாக்கியங்கள் புலப்படுத்திவிடுகின்றன. நண்பர்களுக்கோ அது சிறிது நேரத் தாமதம் மட்டுமே.

மற்றோரிடத்திலே கார் ஓஹாக்காவின் தெப்பெல்மேமே என்னும் ஊரைக் கடக்கின்றது. தெனோச் ஒருகணம் மௌனமாகின்றான். தன்னைக் குழந்தைப் பருவம் முதல் வளர்த்த பணிப்பெண் லெயோவின் ஊர் அது. பதின்மூன்று வயதிலே வேலை தேடித் தலைநகருக்கு வந்தவள் அவள். நான்கு வயது வரை தெனோச் அவளையே அம்மா என அழைத்து வந்தான். அவளது ஊருக்குத் தான் ஒருநாளும் சென்றதில்லை என்பது அவனுக்கு அப்பொழுதுதான் உறைக்கின்றது. இதனை அவன் மற்றைய இருவரிடமும் கூறவில்லை என்கின்றது குரல். இதற்கு முன்னரே, தெனோச்சின் வீட்டிலே அவன் அருகில் ஒலிக்கும் தொலைபேசியை எடுப்பதற்காக லெயோ மாடிக்கு ஏறி வருவதையும், அவனுக்கு உணவு தருவதையும் நாம் கண்டிருக்கின்றோம். படத்தின் தலைப்பிலுள்ள 'தாய்' என்னும் சொல், கதையின்படி நண்பர்கள் குடிபோதையிலே ஒருவரையொருவர் சீண்டும் வசை. ஆயினும், தெனோச் தாயென அழைத்தவள் யார் என்பதை அறிந்த பின்னர், அத்தலைப்புக்கு வேறொரு பொருளும் உண்டெனக் கருத இடமுண்டு.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்திலே ஆற்றுப்படை நினைவுக்கு வருதல் இயல்பே. ஆற்றுப்படையிலே, வழியை அறிந்தவன் அறியாதவனுக்கு அவன் கடக்கவேண்டிய நிலங்களையும் அங்கு வாழும் மக்களின் உணவையும் தொழிலையும் எடுத்துரைக்கின்றான். கேட்பவன் அதன்படி செல்கின்றான். குவாரோனின் கதைசொல்லியும் வழியை அறிந்தவரே. ஆயின், அவர் கூறுவது பிரயாணிகளின் செவிக்கு எட்டுவதில்லை. பார்வையாளரே அதனைக் கேட்கின்றனர். அறிவு ஒருபுறமும் பிரயாணம் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் இந்நிலையே இப்படத்தின் அடிப்படை முரண்பாடாகும்.

பெயர்களின் வரலாறு

பாத்திரங்களின் பெயர்கள் இம்முரண்பாட்டை வேறொரு தளத்திலே வெளிப்படுத்துகின்றன. நடுத்தர வர்க்கத்தின் கீழ்ப்படியைச் சேர்ந்த ஹூலியோவின் குடும்பப்பெயர் சபாட்டா. நிலத்துக்காகப் போராடி 1919 இல் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட விவசாயத் தலைவனின் பெயர் அது. அதிகார வர்க்கத்து மைந்தனான தெனோச்சின் குடும்பப்பெயர் இதூர்பிதே. விடுதலைப் போரின் இறுதியிலே தன்னை மெக்சிக்கோவின் பேரரசனாக முடிசூட்டிக்கொண்ட படைத்தளபதியின் பெயர் அது. அவனது முதற்பெயரோ ஆஸ்தெக் மக்களின் தொன்மத் தலைவனுடையது. தந்தை அரசாங்க சேவையிற் சேர்ந்த ஆண்டிலே பற்றிக்கொண்ட தேசிய உணர்வின் விளைவாக அப்பெயர் இடப்பட்டதெனக் கதைசொல்லி கூறுகின்றார். ஸ்பெயினிலிருந்து வந்த லூயிசாவின் குடும்பப்பெயர், 1521 இல் ஆஸ்தெக் தலைநகரைக் கைப்பற்றிய கோர்த்தெஸின் பெயரே. மீனவன் கரான்சா, பணிப்பெண் விக்தோரியா, நண்பன் மதேரோ, காதலியர் மொரேலோஸ், ஊவேர்த்தா எனப் பட்டியல் நீள்கின்றது. இறந்துபோன கட்டடத் தொழிலாளியின் பெயர்கூட, 1847 இல் அமெரிக்கப் படையெடுப்பை எதிர்த்து மாண்ட இளம் வீரருள் ஒருவனுடையது.

இவற்றை நேரடி உருவகங்களாகக் கொள்வது பொருந்தாது. ஹூலியோ தலைவன் சபாட்டாவின் இயல்பு எதனையும் கொண்டவனல்லன். நாட்டின் வரலாறு வீதிப் பெயர்களிலும் பாடநூல்களிலும் குடும்பப்பெயர்களிலும் எங்கும் நிறைந்திருக்கின்றது. ஆயின், அப்பெயர்களைத் தாங்கியோருக்கு அவ்வரலாறு பொருளற்றதாகிவிட்டது. புரட்சியின் பெயரால் எழுபதாண்டு ஆண்ட கட்சிக்கு நேர்ந்ததும் இதுவே. வரலாற்றைச் சின்னமாக்கி, அதன் உள்ளடக்கத்தை நீக்கிவிடும் ஆளும் வர்க்கத்தின் செயலை இப்பெயர் விளையாட்டு நுட்பமாகச் சுட்டுகின்றது.

நட்பும் வர்க்கமும்

ஹூலியோவும் தெனோச்சும் தம்மைச் சமமானோராகவே கருதுகின்றனர். தம் கூட்டத்துக்கென விதிகள் சிலவற்றையும் வகுத்து வைத்துள்ளனர். ஆயின், தெனோச்சின் வீட்டிலே கழிப்பறையைப் பயன்படுத்திய பின்னர், வாடை மறையுமாறு ஹூலியோ தீக்குச்சி கொளுத்துவது வழக்கம்; ஹூலியோவின் வீட்டிலே தெனோச் கழிப்பறை மூடியைக் காலாலேயே தூக்குவான். இவ்விரு செய்திகளையும் ஒருவர் மற்றவருக்குக் கூறியதில்லை. ஒருவனின் வெட்கமும் மற்றவனின் அருவருப்பும் நட்பின் அடியிலே உறைந்திருக்கும் வர்க்க வேறுபாட்டைக் காட்டுகின்றன. லூயிசாவின் பொருட்டுப் பொறாமை எழுந்து, ஒருவன் மற்றவனின் காதலியுடன் கூடியமை வெளிப்பட்டதும், இவ்வேறுபாடு வசைச் சொற்களாக வாய்வழியே வந்துவிடுகின்றது. இழிந்த குடியினன் என்பதும் பணக்காரத் திமிர் என்பதும் பழைய நண்பர்களின் வாயில் இயல்பாகவே எழுகின்றன.

பாலியல் இப்படத்திலே பெறும் இடத்தை இத்தொடர்பிலேயே நோக்குதல் வேண்டும். ஆண்மை பற்றிய வீறாப்பு இருவருக்கும் பொதுவான மொழி. வர்க்கத்தால் வேறுபட்டோரை ஒன்றுபடுத்துவதுபோலத் தோன்றும் அம்மொழியிலே பெண்கள் போட்டிப் பொருள்களாகவே இடம்பெறுகின்றனர். லூயிசா இதனை உணர்ந்து, பிரயாணத்தின் நடுவிலே தன் விதிகளை விதித்து அதிகாரத்தைத் தன் கையிலெடுக்கின்றாள். கடற்கரையிலே கழியும் இறுதி இரவில் மூவரும் மனந்திறந்து பேசுகின்றனர். போட்டி நீங்கிய அந்நிலையிலே நண்பர்கள் ஒருவரையொருவர் தழுவி முத்தமிடுகின்றனர். விடிந்ததும் அச்சமும் வெட்கமுமே எஞ்சுகின்றன. தமது நட்பின் ஆழத்தை எதிர்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருக்கவில்லை. பிரயாணம் அத்துடன் முடிவடைகின்றது.

ஓராண்டின் பின்னர் தற்செயலாகச் சந்திக்கும் இருவரும் கோப்பி அருந்துகின்றனர். சாக்குக் கூறி மறுப்பதைக் காட்டிலும் அது எளிதாக இருந்தமையே காரணம். இலக்கியம் கற்க விரும்பிய தெனோச், தந்தையின் விருப்பப்படி பொருளியல் கற்கச் செல்கின்றான். ஹூலியோ உயிரியல் கற்கவுள்ளான். தமது பிரயாணத்தின் பின் ஒரு மாதத்துள் லூயிசா புற்றுநோயால் இறந்துவிட்டாள் என்பதைத் தெனோச் கூறுகின்றான். புறப்படும்பொழுதே அவள் தன் நோயை அறிந்திருந்தாள். இனி அவர்கள் சந்திக்கப்போவதில்லை என்கின்றது குரல். தெனோச் எழுந்து செல்ல, ஹூலியோ பணியாளிடம் கணக்கைக் கேட்கின்றான். எழுபத்தோராண்டு ஆண்ட கட்சி தோற்றுவிட்டது; ஆயினும், ஒவ்வொருவரும் தத்தம் வர்க்கம் தமக்கென ஒதுக்கிய இடத்துக்கே திரும்பிவிட்டனர். முதிர்ச்சியடைதல் என்பது இங்கே விரிவடைதல் அன்று, சுருங்கி அமைதலே.

மீனவனின் எதிர்காலம்

கற்பனையென எண்ணிய கடற்கரை உண்மையிலேயே இருப்பதை இளைஞர்கள் தற்செயலாக அறிகின்றனர். அங்கு அவர்களை அழைத்துச் செல்பவன் ச்சூய் என்னும் மீனவன். கரையிலே மகிழ்ச்சியாக நாள் கழிகையில், ஒலிகள் அடங்கிக் கதைசொல்லியின் குரல் எழுகின்றது. அவ்வாண்டின் இறுதியில், எஹிதோ நிலத்திலே ஆடம்பர ஹோட்டல் அமைக்கப்படுவதால் ச்சூய் குடும்பத்துடன் வெளியேற வேண்டியிருக்கும். உல்லாசப் பிரயாணிகளுக்குப் படகோட்டிப் பிழைக்க முயல்வான். உள்ளூர்ச் சுற்றுலாச் சபையின் ஆதரவு பெற்ற அக்கபுல்கோப் படகோட்டிகளின் கூட்டமைப்பு அதனைத் தடுத்துவிடும். இரண்டாண்டுகளின் பின்னர் அவன் அதே ஹோட்டலிலே துப்புரவுத் தொழிலாளியாவான். மீண்டும் ஒருநாளும் அவன் மீன்பிடிக்கப் போவதில்லை.

இது வெறுங்கற்பனையன்று. கடற்கரைக் காட்சிகள் படமாக்கப்பட்ட உவத்துல்கோ வளைகுடாப் பகுதியிலே, சுற்றுலா நகரமொன்றை அமைப்பதற்காக 1984 இல் மெக்சிக்க அரசு ஏறத்தாழ 21,000 ஹெக்டயர் கிராமப் பொது நிலத்தைக் கையகப்படுத்தியது. கரையோரத்து மக்கள் உள்நாட்டுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். எட்டாண்டுகளின் பின்னர் எஹிதோ நிலங்களுக்கு அரசியலமைப்பு அளித்த பாதுகாப்பும் தளர்ந்துவிட்ட நிலையிலே, ச்சூய் போன்றோரின் கதி வியப்புக்குரியதன்று. உற்பத்திக் கருவியும் கடலும் தனக்குரியவனாக இருந்த ஒருவன் கூலித் தொழிலாளியாக மாறும் நிகழ்ச்சியைப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும். குவாரோன் அதனை ஒரு நிமிடத்திலே, மீனவன் சிரித்துக்கொண்டு படகைச் செலுத்தும் காட்சியின் மேல் வைத்துக் கூறிவிடுகின்றார். இளைஞர்களின் முதிர்ச்சி பற்றிய கதை ஐயத்துக்குரியதாக இருக்க, படத்திலே உண்மையான மாற்றம் நிகழ்வது இவனது வாழ்விலேதான் என்பது குறிப்பிடத்தக்கது.

சில மட்டுப்பாடுகள்

இப்படத்தைப் பாராட்டுவோர் அதன் மட்டுப்பாடுகளையும் மறத்தலாகாது. முதலாவதாக, பாதையோர மக்களைப் பற்றிய செய்திகள் பெருமளவில் நமக்குக் கிடைப்பினும், அவை அம்மக்களின் வாயால் வருவனவல்ல. எல்லாம் அறிந்த, கல்வி கற்ற நகரத்தவனின் குரலே அவர்களுக்காகப் பேசுகின்றது. ச்சூய் தன் கதியை எதிர்த்து யாதேனும் செய்வானா என்ற கேள்விக்கு இக்குரலிலே இடமில்லை. எதிர்காலம் முன்னரே எழுதி முடிக்கப்பட்டதுபோலக் கூறப்படுகின்றது. சியாப்பாஸ் விவசாயிகள் ஆயுதமேந்தி ஐந்தாண்டு கடந்த ஒரு நாட்டிலே, ஒடுக்கப்பட்டோரைத் துன்பத்துக்கு ஆளாவோராக மட்டும் காட்டுதல் முழுமையான சித்திரமாகாது. ஹூலியோவின் தமக்கை அவ்வியக்கத்தின் ஆதரவாளியாயிருந்தும், அவளது பங்கு காரைக் கொடுத்து உதவுவதற்கு மேற் செல்லவில்லை.

இரண்டாவதாக, லூயிசாவின் பாத்திரம். தன் விருப்பப்படி வாழத் துணிந்த பெண்ணாக அவள் படைக்கப்பட்டிருப்பினும், இளைஞர் இருவருக்குப் பாடம் புகட்டிவிட்டு இறந்துபோகும் பழைய வாய்பாட்டிலிருந்து அவள் முற்றாக விடுபடவில்லை. ஆயினும், நெறியாளர் அவளுக்கு ஒரு சலுகை அளித்துள்ளார். ஏனையோரின் இரகசியங்களைத் தயக்கமின்றி வெளியிடும் கதைசொல்லி, அவளது நோயைப் பற்றி மட்டும் இறுதிவரை வாய்திறப்பதில்லை. பொதுத் தொலைபேசிக் கூடத்திலே அவள் கணவனிடம் அழுதுகொண்டு விடைபெறும்பொழுது, கூடத்தின் கண்ணாடியிலே இளைஞர்கள் விளையாடிக்கொண்டிருக்கும் நிழல் தெரிகின்றது. அவர்கள் அவளை எவ்வளவு அறிந்தனர் என்பதை அவ்வொரு காட்சியே உணர்த்தப் போதுமானது.

முதலாவது குறையைக் குவாரோன் பின்னர் தாமே உணர்ந்திருக்கலாம் எனக் கருதுவதற்குச் சான்று உண்டு. 2018 இல் அவர் ஆக்கிய 'ரோமா', 1970, 1971 ஆம் ஆண்டுகளின் மெக்சிக்கோ நகரிலே, நடுத்தர வர்க்க வீடொன்றிற் பணிபுரியும் ஓஹாக்காவைச் சேர்ந்த மிஸ்தெக் இனப் பெண்ணொருத்தியை நடுநாயகமாகக் கொண்டது. தம்மை வளர்த்த பணிப்பெண்ணுக்கே அவர் அதனைக் காணிக்கையாக்கினார். அதன் நாயகி பெயர் கிளெயோ. முன்னைய படத்தின் லெயோவை அப்பெயர் நினைவூட்டுகின்றது. 2001 இல் கார் கடந்து சென்ற ஓர் ஊர்ப்பெயரின் மீது ஒரு நிமிடம் நின்ற குரல், பதினேழாண்டுகளின் பின்னர் மௌனமாகி, அப்பெண்ணுக்கே இரண்டேகால் மணிநேரப் படத்தை ஒப்படைத்துவிட்டது. அவளும் தன் வாழ்வைத் தானே கூறுகின்றாளா, அன்றி எசமானரின் மகனது நினைவிலேதான் வாழ்கின்றாளா என்பது தனியே ஆராயத்தக்க விடயமாகும்.

முடிவுரை

2001 ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவிலே இப்படத்தின் திரைக்கதைக்காக அல்ஃபொன்சோ குவாரோனும் அவருடைய சகோதரர் கார்லோஸ் குவாரோனும் பரிசு பெற்றனர். ஹூலியோவாக நடித்த கயேல் கார்சியா பெர்னாலும் தெனோச்சாக நடித்த தியேகோ லூனாவும் இளம் நடிகருக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஹொலிவூட்டிலே சில காலம் தொழில்புரிந்த நெறியாளர் தம் நாட்டுக்குத் திரும்பி, தம் மொழியிலே, சிறு செலவில் இதனை ஆக்கினார் என்பதும் கருதத்தக்கது. ஹொலிவூட்டின் பிரயாணக் கதை வடிவத்தை அவர் நிராகரிக்கவில்லை. அதனை எடுத்து, அது வழக்கமாகப் பார்க்க மறுக்கும் திசையிலே கமராவைத் திருப்பிவிட்டார்.

உல்லாசமான கதையொன்றை எதிர்பார்த்துச் சென்றவர்களையும் அம்முறை தன்னகத்தே ஈர்த்து, அவர்கள் அறியாமலே அவர்களுக்கு மர்சலீனோவையும் லெயோவையும் ச்சூயையும் அறிமுகப்படுத்தியது. முற்போக்கான உள்ளடக்கத்தைப் பிரசாரத் தொனியின்றிப் பெருந்தொகையான மக்களிடம் கொண்டுசெல்லுதல் எவ்வாறு என்பது நம்முடைய கலைஞர்களும் விமர்சகர்களும் நெடுங்காலமாக விவாதித்து வரும் பிரச்சினையாகும். இப்படம் அதற்கு முழுமையான தீர்வினைத் தருகின்றதெனக் கூறவியலாது. பாதையோர மக்கள் தாமே பேசும் கலை இன்னும் ஆக்கப்படவேண்டியதாகவே உள்ளது. ஆயினும், காருக்குள் இருந்தவர்கள் கேளாத குரலைத் திரையரங்கிலே இருந்தோர் கேட்டனர். அவர்கள் அதனைக் கொண்டு என் செய்வர் என்பது படத்துக்கு அப்பாற்பட்டது. அது நம்மைச் சார்ந்தது.